மலையிறங்கும் பூந்தொட்டி

மே மாதம் உதகையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் எந்தப் பேருந்திலும் வர்க்கிப் பொட்டலம், நீலகிரித் தைலம், கேரட் கட்டு ஆகியவற்றோடு ஒரு பூந்தொட்டியும் இருக்கும். யாராவது ஒருவர் அதை மடியில் வைத்து, வளைவுக்கு வளைவு சாயாமல் பிடித்துக்கொண்டு வருவார். ஊதா பெட்டூனியா, குழந்தை முகம் போன்ற பேன்சி, செக்கச்செவேலென்ற சால்வியா என்று ஏதோ ஒன்று அதில் பூத்திருக்கும். வீட்டு வரவேற்பறையில் டிவி பக்கத்தில் வைக்க வாங்கியது அது. பத்துப் பதினைந்து நாளில் பெரும்பாலும் பட்டுப்போகும். பிறகு 'நம் கைக்குப் பூச்செடி ராசியில்லை' என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு அநேகமாக வீட்டுப் பெண்கள் மேல்தான் விழும்.

அந்தச் செடி எங்கே எப்படி வளர்ந்தது, மலையிறங்கும் வழியில் அதற்கு என்ன நேர்கிறது, வீட்டுக்குள் அதற்கு எது கிடைப்பதில்லை என்பதைப் பார்த்துவிட்டால் ராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பருவப் பூக்களை வீட்டுக்குள் வைத்து மகிழவும் வழி தெரியும்.

காய்கறிக்காகத் தொடங்கிய தோட்டம்

உதகை அரசு தாவரவியல் பூங்கா தொட்டபெட்டா மலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, சுமார் 55 ஏக்கரில் படிப்படியாக ஏறுகிறது. 1840-களில் உதகையில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் சமையலுக்குக் காய்கறி கிடைக்கவேண்டும் என்று மாதச் சந்தா போட்டு ஆரம்பித்த தோட்டம்தான் இதற்கு மூலம். 1848-ல் லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் பொறுப்பேற்று, கரடுமுரடான சரிவைத் திருத்திப் பூங்காவாக ஆக்கினார். இன்று தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை இதைப் பராமரிக்கிறது. மே மாதம் இங்கு நடக்கும் மலர்க் கண்காட்சி 2024-ல் 126-வது, 2025-ல் 127-வது.

உள்ளே வருபவர்கள் புல்வெளியைப் பார்த்துவிட்டு நேராகக் கண்ணாடி மாளிகைக்கும் மலர் மாடத்துக்கும் போவார்கள். மாடம் என்பது படிக்கட்டுப் போல ஏறும் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் தொட்டிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சினரேரியா, கால்சியோலேரியா, ப்ரிமுலா, பெகோனியா, டயாந்தஸ், பேன்சி, பெட்டூனியா, சால்வியா, ஆஸ்டர் என்று வரிசை நீளும். வெளியே ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தாலும் மாடத்துப் பூவில் ஒரு துளி விழுந்திருக்காது.

இதைப் பார்ப்பவர்கள் மனதில் ஓர் எண்ணம் தானாக விழுகிறது: 'கூரைக்குக் கீழே இத்தனை செடி இப்படிப் பூக்கிறதே, நம் வீட்டுக் கூரைக்குக் கீழேயும் பூக்கும்.' தவறு தொடங்கும் இடம் இதுதான். மாடத்தில் இருக்கும் செடிகள் மாடத்தில் வளர்ந்தவை அல்ல.

பின்னோக்கி எண்ணும் நாற்றங்கால்

மாடத்தை அலங்கரிக்கும் தொட்டிகள் பூங்காவின் நாற்றங்கால்களில் மாதக்கணக்கில் வளர்ந்தவை. தை அறுவடைக்குச் சம்பா விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணுவது போலத்தான் இங்கும் கணக்கு. மே மாதம் பூக்க வேண்டும். எந்தப் பூவுக்கு எத்தனை வாரம் வேண்டும் என்று பார்த்து விதைக்கிறார்கள். சினரேரியாவுக்கு 5 முதல் 6 மாதம் வேண்டும். பேன்சி, பெட்டூனியா, சால்வியாவுக்கு சுமார் 3 மாதம். மலைக் குளிரில் இன்னும் சில நாள் கூடும். செண்டுமல்லியும் ஜினியாவும் 2 மாதத்திலேயே பூக்கத் தொடங்கும்.

அதனால் முதல் சீசனுக்கான வேலை மார்கழிக் குளிரிலேயே ஆரம்பமாகிறது. அப்போது உதகையில் உறைபனிக் காலம். இரவில் தரையை ஒட்டிய வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும்; காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். இளம் நாற்று ஓர் இரவுப் பனியில் கருகிவிடும். அதைத் தடுக்கக் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கிளைகளை வெட்டி வந்து பாத்திகளின் மேல் கூடாரம் போலக் கவிழ்க்கிறார்கள். விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். பனி நின்ற பிறகுதான் மிலார் எடுக்கப்படுகிறது.

நாற்று நான்கைந்து இலை விட்டதும் தொட்டிக்கு மாறுகிறது. இலை மக்கு, செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த கலவை அதில் இருக்கும். செடி ஒரு சாண் ஆவதற்குள் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடித்துச் செடி குடை போல அகலும். அந்த மாதங்கள் முழுவதும் தொட்டி திறந்த வெளி வெயிலிலோ, வெயில் தாராளமாக ஊடுருவும் கூரைக்குக் கீழோதான் நிற்கிறது. மொட்டு நிறம் காட்டும் நேரத்தில்தான் அது மாடத்தில் ஏறுகிறது.

ஏன் கூரைக்குக் கீழே கொண்டு போகிறார்கள்? உதகையில் கோடை மழை ஆலங்கட்டியோடும் வரும். பெட்டூனியா, கால்சியோலேரியா போன்ற மெல்லிய இதழ்கள் நனைந்தால் புள்ளி விழும். இரண்டு நாள் ஈரம் நின்றால் சாம்பல் பூஞ்சாணம் பிடிக்கும். ஆகவே கூரை மழைக்காக வந்தது. வெளிச்சத்தைக் குறைப்பது அதன் நோக்கம் அல்ல என்பதால்தான் அங்கே கண்ணாடி போடுகிறார்கள்.

நாற்றங்கால் வளர்ப்பதற்கு, மாடம் காட்டுவதற்கு. உதகையில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

சாலையோரத்தில் ஒரு கேள்வி

சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகள் குன்னூர் வழியாக ஏறுகின்றன; திரும்பும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக அனுப்புகிறார்கள். இறங்கும் வழியில் சிறு சிறு நர்சரிகள் உண்டு. அப்படி ஒன்றில் தாராபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இறங்கியது. நடுவயதுப் பெண் ஒருவர் பெட்டூனியாவைக் கையில் எடுத்தார், மறுபடி கீழே வைத்தார்.

"ஏனுங்கண்ணா, போன வருசம் இதே மாதிரி ரெண்டு தொட்டி வாங்கிட்டுப் போனோமுங்க. பத்து நாள் தாங்கலீங்க. உன் கைக்கு ராசி இல்லைன்னு எங்க மாமியா சொல்லிப்போட்டாங்க."

நர்சரிக்காரர் சிரித்தார். "ராசியில என்னம்மா இருக்கு? செடியை எங்க வச்சீங்க?"

"டிவி பக்கத்துலதானுங்க. காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துனனுங்க."

"அங்க வெயில் வருமா?"

"வீட்டுக்குள்ளார எப்படிங்க வெயில் வரும்?"

"அப்ப அது பட்டினியில செத்திருக்கும்மா. தண்ணி குடிக்கிறதுக்கு. வெயில்தான் அதுக்குச் சோறு."

வேளாண் கல்லூரியில் ஒளிச்சேர்க்கை என்று ஒரு பருவம் முழுக்க நடத்துவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்தப் பெண் அன்று பெட்டூனியா வாங்கவில்லை. ஒரு பெகோனியாவை மட்டும் எடுத்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் உள்ள திண்ணையில் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றார் அவர்.

இறக்கத்தில் ஏறும் சூடு

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். கோத்தகிரி சுமார் 1,800. அங்கிருந்து அரவேனு, குஞ்சப்பனை வழியாக இறங்கி மேட்டுப்பாளையம் வரும்போது உயரம் சுமார் 300 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி கூடும். அப்படியானால் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் அந்தச் செடி 12 டிகிரிக்கு மேல் சூட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சால்வியா பிரேசிலின் மலைக்காட்டுச் செடி, கால்சியோலேரியா சிலி நாட்டுக் குளிர்ப் பகுதிச் செடி, சினரேரியா கேனரி தீவுகளில் கடற்காற்றில் வளரும் செடி, பேன்சி ஐரோப்பியக் குளிரில் பிறந்தது. உதகைக்கு ஒத்துப்போனதே அந்தக் குளிரால்தான்.

வழியில் சாப்பிட இறங்கும்போது வண்டியைக் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்தினால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். அரை மணி நேரம் போதும், செடி வெந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் நான்கு நாள் கழித்து வாடுவதற்கான காரணம் பல சமயம் இந்த அரை மணி நேரம்தான்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. மே மாதம் மலைச்சரிவில் பலா சீசன். கீழே மாம்பழ சீசன். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடுகிறது. பெட்டூனியா, டயாந்தஸ் போன்ற பூக்கள் இந்த வாயு பட்டால் சீக்கிரம் மூடிச் சுருங்கிவிடும். பழத்தையும் பூந்தொட்டியையும் வண்டியின் பின்பெட்டியில் ஒன்றாக அடைத்து வந்தால், ஊர் வந்து சேரும்போது பூ பாதி முதுமை அடைந்திருக்கும். பழம் ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம், ஜன்னல் கொஞ்சம் திறந்து என்று வருவது நல்லது.

மலைக்குப் போகும் முன் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போகவேண்டும். பிளாஸ்டிக் பைகளுக்கும் அங்கே தடை உண்டு. செடி வாங்கும் எண்ணம் இருந்தால் வீட்டிலிருந்தே ஓர் அட்டைப்பெட்டி கொண்டு போனால் தொட்டியும் சாயாது, பையும் தேட வேண்டாம்.

வீட்டுக்குள் எது இல்லை?

நண்பகல் வெயிலில் வெளியே வெளிச்சத்தின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். ஜன்னல் ஓரத்தில், வெயில் நேரடியாக விழாதபோது, அது சில ஆயிரமாகக் குறையும். அறையின் நடுவில் சில நூறுதான். நம் கண் இருட்டுக்கேற்ப விரிந்து கொடுப்பதால் அறை நன்றாக வெளிச்சமாக இருப்பதாகத் தோன்றும். செடிக்கு அந்த வசதி இல்லை.

கருவி இல்லாமல் சோதிக்கலாம். செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் உள்ளங்கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் பூச்செடிக்கு ஏற்ற இடம். ஓரம் கலங்கலாக இருந்தால் பெகோனியா, இம்பேஷன்ஸ், டோரினியா போன்றவை சமாளிக்கும். நிழலே தெரியாவிட்டால் அங்கே பூச்செடி வளராது.

இரவு வெப்பம் அடுத்த காரணம். செடி பகலில் வெளிச்சத்தைக் கொண்டு மாவுச்சத்து சேர்க்கிறது. இரவில் மூச்சு விட அதைச் செலவழிக்கிறது. இரவு குளிராக இருந்தால் செலவு குறைவு. மே மாதத்தில் கான்கிரீட் கூரை இரவெல்லாம் சூட்டைக் கக்கும். வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் எப்படிக் கடனில் விழுமோ, செடியும் அப்படித்தான். முதலில் மொட்டுகளை உதிர்க்கும். பிறகு அடியிலைகள் மஞ்சளாகும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிக்கும் தண்ணீரும் குறைவு என்பதால், தினமும் இரண்டு வேளை ஊற்றுவது அன்பினால் செய்யும் கெடுதல்.

ஜன்னல் எந்தத் திசை என்பதும் மாதத்தைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மே மாதத்துச் சூரியன் நண்பகலில் உச்சிக்குச் சற்று வடக்கே நகர்ந்துவிடுகிறது. கோவை, ஈரோடு, திருச்சி வட்டாரத்தில் அப்போது தெற்கு ஜன்னலில் நேரடி வெயில் விழுவதே இல்லை. மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே ஜன்னல் வழியாக வெயில் இரண்டு மூன்று அடி உள்ளே வருகிறது. இரவும் 20 டிகிரிக்கு இறங்குகிறது. உதகையின் மே மாதத்துக்கு நெருக்கமான பருவம் நமக்கு மார்கழியிலும் தையிலும்தான் கிடைக்கிறது. பருவப் பூவை வீட்டுக்குள் வைக்க வேண்டிய காலமும் அதுதான்.

ஒரு பருவத்துச் செடி

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பருவப் பூச்செடி என்பது விதைத்து, பூத்து, விதை கட்டி, காய்ந்து போவது. நெல் முற்றியபின் தாள் பழுப்பதைப் பார்த்து எந்த விவசாயியும் வருந்துவதில்லை. கண்காட்சி நேரத்தில் முழுதாகப் பூத்த செடி தன் வயதில் முக்கால்வாசியை முடித்த செடி. அதை வாங்குவது, பால் பிடித்த பயிரை வாங்கி நட்டு வளர்க்க நினைப்பது போல.

ஆகவே வாங்கும்போது எல்லாம் விரிந்த தொட்டியை எடுக்காமல், இரண்டு மூன்று பூ மட்டும் விரிந்து மொட்டு நிறைய உள்ளதை எடுங்கள். வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிடுங்கள். விதை கட்ட விடாமல் தடுத்தால் செடி மறுபடி மொட்டு விடும். ஆயுள் சில வாரம் நீளும். சாகாமல் வைத்திருக்கும் வித்தை எதுவும் கிடையாது.

சமவெளி வீட்டுக்கு ஒரு கால அட்டவணை

புரட்டாசி கடைசி அல்லது ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தால் மார்கழி முதல் மாசி வரை பூ பார்க்கலாம். வடகிழக்கு மழை நாற்றை அடித்துவிடுமே என்ற கவலைக்கும் வீடே பதில். தாழ்வாரம், போர்டிகோ, ஓட்டுச் சாய்ப்பு என்று மழை விழாமல் வெளிச்சம் விழும் இடத்தில் குழித்தட்டை வைக்கலாம்.

தென்னை நார்க்கழிவு மக்கு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து தட்டை நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். ஒரு கிலோ கலவைக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்தால் நாற்றழுகல் பெருமளவு குறையும்.

பெட்டூனியா விதை தூசி போன்றது. ஒரு கிராமில் ஏறக்குறைய பத்தாயிரம் விதை இருக்கும். அதை மெல்லிய மணலோடு கலந்து மேலே தூவினால் போதும்; மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். ஊற்றாமல் கைத்தெளிப்பானால் நனையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். செண்டுமல்லி, ஜினியா, காசித்தும்பை விதைகளைக் கால் அங்குல ஆழத்தில் வைத்து மூடலாம். நான்கைந்து நாளில் முளைத்துவிடும்.

நான்கைந்து இலை வந்ததும் 6 அங்குலத் தொட்டிக்கு ஒரு நாற்று. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம பங்கு. தொட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டுச் சில்லு வையுங்கள். ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு மொட்டை மாடியிலோ களத்திலோ முழு வெயிலுக்கு மாற்றுங்கள். ஒரு சாண் உயரத்தில் நுனி கிள்ளுங்கள். நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். யூரியா போட்டால் இலை செழிக்கும், பூ தள்ளிப்போகும்.

மொட்டு நிறம் காட்டியதும் உள்ளே கொண்டு வரலாம். ஆனால் ஒரே தொட்டியை உள்ளேயே விட்டுவிடாதீர்கள். குறைந்தது நான்கு தொட்டி வளர்த்து, இரண்டை உள்ளேயும் இரண்டை வெளியிலுமாக வைத்து, நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். வெளியே இருப்பது சாப்பிட்டு வரும்; உள்ளே இருப்பது விருந்தினருக்கு முகம் காட்டும். வெளியே அனுப்பும் முதல் நாள் மதிய வெயிலில் நேராக நிறுத்தாமல் காலை வெயிலில் பழக்குங்கள்.

எதை எங்கே?

முற்றம் வைத்த பழைய வீடு உள்ளவர்களுக்கு இந்த மாற்றல் வேலை பாதி மிச்சம். செட்டிநாட்டிலும் தஞ்சைப் பக்கத்திலும் இன்னும் இருக்கும் அந்த முற்றங்கள் கூரைக்கு நடுவே வானத்தைத் திறந்து வைத்தவை. முற்றத்து ஓரத் தாழ்வாரத்தில் பூச்செடி வீட்டுக்குள்ளேயே வளரும். தனியாகக் கண்ணாடி மாளிகை தேவையில்லை.

கிழக்கு ஜன்னல், கிழக்குத் திண்ணை: காலை வெயில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். காசித்தும்பை, பெகோனியா, டோரினியா, இம்பேஷன்ஸ் இங்கே நன்றாக வரும். காசித்தும்பை நம் நாட்டுச் செடி. விதைத்த ஏழெட்டு வாரத்தில் பூக்கும். கோடையில் முயற்சி செய்ய விரும்புபவர்களுக்கும் முதலில் சொல்லத்தக்கது இதுதான்.

தெற்கு ஜன்னல்: மார்கழி, தையில் பெட்டூனியா, டயாந்தஸ், சால்வியா.

மேற்கு ஜன்னல்: மாலை வெயில் கடுமை. பத்துமணிப்பூ, கோழிக்கொண்டை, செண்டுமல்லி தாங்கும். இவற்றை ஜன்னலுக்கு வெளியே வைப்பதே சரி. உள்ளே வைத்தால் தண்டு நீண்டு பூ குறையும்.

வடக்கு ஜன்னல்: பூவை எதிர்பார்க்க வேண்டாம். வண்ண இலைக்காகக் கோலியஸ் வைக்கலாம்.

பேன்சி, சினரேரியா, கால்சியோலேரியா மூன்றையும் உதகையிலேயே பார்த்து மகிழ்ந்துவிட்டு வருவது நல்லது. ப்ரிமுலாவில் அப்கோனிகா என்ற வகையின் இலையைத் தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பும் தடிப்பும் வரும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்க்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு வரும் பூச்சிகள் வெள்ளை ஈ, அசுவினி, சிவப்புச் சிலந்தி. வாரம் ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்துப்போய் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கலந்து மாலையில் தெளிக்கலாம். மற்ற பூச்சிமருந்து எதையும் வீட்டுக்குள் அடிக்கக்கூடாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

மே மாதம் தொட்டியோடு ஊர் திரும்பியவர்கள் அதை முதல் இரண்டு நாள் வேப்ப மர நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் முதல் காலை 9 மணி வரை வெயில் காட்டி, பிறகு நிழலுக்கு மாற்றுங்கள். மேல் மண் அரை அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மண் தொட்டியைச் சுற்றி ஈரமணல் போட்டால் வேர் சூடு குறையும். இரவில் மொட்டை மாடியில் வைக்காமல் காற்றோட்டமான தரையில் வையுங்கள்.

உதகையில் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் உண்டு. அப்போதும் பூங்கா பூத்திருக்கும். கூட்டமும் மே மாதம் அளவுக்கு இருக்காது. கீழே வெயில் தணிந்து வரும் காலம் என்பதால், அப்போது வாங்கும் தொட்டி மே மாதத் தொட்டியைவிட நீண்ட நாள் நிற்கும். செடிதான் வாங்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அதுவே ஏற்ற பயணம்.

செடி முடிந்தபின் தொட்டி மண்ணைக் காய்கறிப் பாத்தியிலோ வயலிலோ கொட்ட வேண்டாம். வெளியூர் மண்ணில் நூற்புழுவும் அழுகல் பூஞ்சாணமும் வர வாய்ப்புண்டு. பாலித்தீன் தாளில் மெல்லியதாகப் பரப்பிச் சித்திரை வெயிலில் சில வாரம் காயவிட்டு, மறுபடி பூந்தொட்டிக்கே பயன்படுத்துங்கள்.

கடைகளில் விற்கும் பெட்டூனியா பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையை எடுத்து விதைத்தால் அதே பூ வராது. காசித்தும்பை, கோழிக்கொண்டை, நாட்டு ரக ஜினியா ஆகியவற்றின் விதையை வைத்துக்கொள்ளலாம். காசித்தும்பைக் காய் முற்றினால் தொட்டதும் வெடித்துச் சிதறும்; அதற்குமுன் பழுக்கும் பருவத்தில் துணியில் பறித்து, நிழலில் உலர்த்தி, காகிதக் கவரில் போட்டு, செடியின் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். வரும் ஐப்பசியில் விதைக்க அது போதும்.